குதிபாயின் வடிவம்: துள்ளலும் பாதுகாப்பும்

டிராம்போலின் என்பது இரும்புக் குழாய்ச் சட்டம் ஒன்றின் நடுவே, நெருக்கமாக நெய்த செயற்கை நூற்பாயைப் பரப்பி, அதன் விளிம்பைச் சுற்றிலும் ஸ்பிரிங்குகளால் சட்டத்தோடு பிணைத்து, ஏறிக் குதிப்பவரை மீண்டும் மீண்டும் மேலே எழும்பச் செய்யும் அமைப்பாகும். தேனி மாவட்டத்தில் பெரும்பாலோருக்கு இது விளையாட்டரங்கின் கருவியாக அன்றித் திருவிழாத் திடலின் கருவியாகவே அறிமுகமாகியிருக்கிறது. தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், முல்லைப் பெரியாற்றின் கரையிலுள்ள வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா நடக்கும் நாட்களில், தீச்சட்டி ஏந்தியும் ஆயிரங்கண் பானை சுமந்தும் பக்தர்கள் வந்து போகும் வழிக்கு அப்பால், ராட்டினங்களுக்கும் மிட்டாய்க் கடைகளுக்கும் நடுவே, குழந்தைகள் ‘ஜம்பிங்’ என்று சொல்லும் இந்தக் குதிபாய்களும் இடம்பிடிக்கின்றன. வானளாவச் சுற்றும் ராட்டினத்தின் ஆபத்து பார்த்த கணத்திலேயே புலப்படுவதால், பெற்றோர் அதன் நட்டுகளையும் கம்பிகளையும் ஒரு முறையாவது ஏறிட்டுப் பார்க்கிறார்கள்; இடுப்பளவு உயரமே உள்ள குதிபாயை அவ்வாறு பார்ப்பவர் அரிது. டிக்கெட் எடுத்துக் குழந்தையை ஏற்றிவிட்டுக் கைப்பேசியில் படம் எடுப்பதோடு அவர்களுடைய கவனம் முடிந்துவிடுகிறது.

குதிபாய் ஒருவரை எவ்வளவு உயரம் எழுப்பும் என்பது பெரிதும் அதன் ஸ்பிரிங்குகளைப் பொறுத்தது. எந்தத் திசையில் எழுப்பும் என்பதோ பெரிதும் அதன் வடிவத்தைப் பொறுத்தது. திசை தவறி விழுவதும், ஒருவர் உண்டாக்கிய விசை இன்னொருவர் உடலில் பாய்வதுமே குதிபாய்க் காயங்களின் முதன்மையான காரணங்கள் என்பதால், வட்டமா செவ்வகமா என்ற கேள்வி அழகு பற்றியதோ இடவசதி பற்றியதோ மட்டும் அன்று. அக்கேள்விக்கு விடை காண்பதும், அந்த விடை எந்த எல்லையோடு நின்றுவிடுகிறது என்று காட்டுவதுமே இவ்வுரையின் நோக்கம்.

இக்கருவியின் இன்றைய வடிவம் அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டு, அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நிசன், லாரி கிரிஸ்வோல்ட் என்னும் இருவரால் உருவாக்கப்பட்டது. சர்க்கஸில் உயரே ஊஞ்சலாடும் கலைஞர்கள் ஆட்டம் முடிந்ததும் கீழே கட்டிய வலையில் விழுந்து எழும்புவதைக் கண்ட நிசன், அந்த எழும்புதலையே தனியொரு விளையாட்டாக்க முயன்றதன் பயன் இது. அவர் இதற்குக் காப்புரிமை பெற்றது 1945இல். நீச்சல் குளத்தில் குதிக்கப் பயன்படும் பலகையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து இதன் பெயர் பிறந்தது. அவர்கள் செய்த முதற்கருவி இரும்புச் சட்டத்தில் கித்தான் துணியை இழுத்துக் கட்டிய செவ்வகமாக இருந்தது. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பே, அலாஸ்காவின் இனுபியாட் மக்கள் திமிங்கல வேட்டை முடிந்த திருவிழாவில், கடல்விலங்கின் தோலை விரித்துப் பலர் சுற்றிலும் நின்று விளிம்பைப் பற்றி இழுத்து, நடுவில் நிற்பவரை மேலே எறிந்து பிடிக்கும் வழக்கம் கொண்டிருந்தனர். அங்கே ஆட்கள் சூழ்ந்து நிற்கும் நிலையே வட்டத்தைக் கொடுத்துவிடுகிறது. ஆகவே வட்டம், செவ்வகம் ஆகிய இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை அல்ல. வெவ்வேறு தேவைகளிலிருந்து வந்தவை.

வடிவத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், பாய் என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். முல்லைப் பெரியாற்று நீரால் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில், அறுவடைக்குப் பின் குவித்த வைக்கோற்படப்பின்மேல் ஏறிக் குதிப்பது பிள்ளைகளின் பழைய விளையாட்டு. படப்பில் விழுந்தவர் அப்படியே புதைகிறார். விழுந்த வேகத்தின் ஆற்றலை வைக்கோல் நசுங்கியும் உராய்ந்தும் விழுங்கிவிடுகிறது, திருப்பித் தருவதில்லை. குதிபாயும் முதலில் அதையே செய்வதுபோல் தாழ்கிறது. ஆனால் வாங்கிய ஆற்றலை ஸ்பிரிங்குகளின் நீட்சியில் சேமித்து வைத்து, உடல் நின்ற கணத்தில் மீண்டும் கொடுத்துவிடுகிறது. இயக்கத்தில் இருக்கும் ஆற்றலை இயக்க ஆற்றல் என்றும், நீட்டப்பட்ட ஸ்பிரிங்கில் தங்கியிருக்கும் ஆற்றலை நிலையாற்றல் என்றும் இயற்பியல் கூறும். ஒன்று மற்றொன்றாக மாறி மாறி வருவதே துள்ளல்.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் முழங்கால் மடக்காமல் விழுந்து, ஐந்து சென்டிமீட்டருக்குள் உடல் நின்றுவிடுமாயின், கால்கள் தாங்கும் சராசரி விசை உடல் எடையைப் போல் 21 மடங்காகும். அதே உயரத்திலிருந்து விழுந்து, பாய் அரை மீட்டர் தாழ்ந்து நிறுத்தினால் அது 3 மடங்காகக் குறைகிறது. பாய் தாழத் தாழ அதற்கேற்ற அளவில் எதிர்விசை கூடிக்கொண்டே போவதாகக் கொண்டால், மிக ஆழமான புள்ளியில் அது 6 மடங்கை எட்டும். 30 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 180 கிலோ சுமைக்கு நிகரானது. அச்சுமை நேர் கீழாக இறங்கி, நேர் மேலாகத் திரும்பும்வரை குழந்தையின் காலும் முதுகும் அதைத் தாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் திரும்பினாலோ கணுக்காலும் முழங்காலும் வேறொரு கணக்கில் அகப்பட்டுக்கொள்கின்றன. வடிவத்தின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது.

வட்ட வடிவக் குதிபாயில், பொதுவாக 12 அடி விட்டமுள்ளதில் 72 ஸ்பிரிங்குகள் அளவில், எல்லா ஸ்பிரிங்குகளும் நடுப்புள்ளியிலிருந்து ஒரே தொலைவில் நின்று ஒரே அளவில் சட்டத்தை உள்நோக்கி இழுக்கின்றன. சுற்றிலும் சமமாக உள்நோக்கி வரும் விசையை வளையம் எவ்வாறு தாங்குகிறது என்பதற்குத் தமிழ்நாட்டில் புதிய சான்று தேட வேண்டியதில்லை. கீழடியில் தோண்டியெடுத்த உறைக்கிணறுகளின் சுடுமண் வளையங்களே போதும். நாற்புறமும் மண் நெருக்க, அந்நெருக்கம் வளையத்தின் உடல் வழியே ஓடித் தன்னைத்தானே இறுக்கிக்கொள்கிறது. வளையம் எந்த இடத்திலும் வளைக்கப்படுவதில்லை, அமுக்கப்படுவதே நிகழ்கிறது. அமுக்கத்தைத் தாங்குவது எளிது, வளைப்பைத் தாங்குவது கடினம் என்பது கட்டுமானத்தின் அடிப்படை. ஆகையால் வட்டச் சட்டத்துக்கு மெல்லிய குழாயே போதுமானதாகிறது. எடை குறைகிறது, விலையும் குறைகிறது. ஊர் ஊராகச் சரக்கு வண்டியில் ஏற்றிச் செல்லும் திருவிழாக் கடைக்காரருக்கு இது சிறிய காரணம் அன்று. ஆனால் சுடுமண் உறை ஒரே துண்டு. குதிபாயின் வட்டமோ வளைத்த குழாய்த் துண்டுகளை ஒன்றினுள் ஒன்று செருகிச் சேர்த்தது. நடுவில் ஒருவர் குதிக்கும்வரை விசை சமமாகப் பரவும். ஓரத்தில் குதித்தால் அப்பக்கத்து ஸ்பிரிங்குகள் மிகுதியாக இழுக்க, வட்டம் நீள்வட்டமாகப் பிதுங்கப் பார்க்கும். அப்போது வளைப்பு முழுவதும் செருகுமிடங்களிலும், கால்கள் பற்றவைத்த இடங்களிலும் வந்து நிற்கும். வட்டச் சட்டம் உடையுமானால் பெரும்பாலும் அங்கேதான் உடையும் என்பதால், பார்க்கும் கண்ணும் அங்கேதான் போக வேண்டும்.

வட்டப் பாயின் துள்ளலுக்கும் தனிக்குணம் ஒன்று உண்டு. நடுவிலிருந்து விலகிக் கால் வைத்தால், அருகிலுள்ள விளிம்பின் பக்கம் பாய் செங்குத்தாகச் சரிந்தும், எதிர்ப்பக்கம் மெல்லச் சரிந்தும் இருக்கும். செங்குத்தான சரிவு உடலை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. எதிர்ப்பக்கம் என்பது நடு. பாயின்மேல் ஒரு கோலிக்குண்டை எங்கே வைத்து, அருகில் ஒருவர் நின்றாலும் அது அவர் காலடிக்கு உருண்டு வருவதைப் போல, வட்டப் பாயில் தனியே குதிக்கும் ஒருவரும் துள்ளத் துள்ள நடுவுக்கே திரும்பி வருகிறார். எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவில் நடுவுக்குத் திருப்புவது வட்டத்தின் சிறப்பு. பயிற்சியில்லாத குழந்தைக்கு இது காவல் போல அமைகிறது. விளிம்பை விட்டு விலக்கி, வலைக்கும் ஸ்பிரிங்குக்கும் எட்டாத இடத்தில் அவரை வைத்திருக்கிறது. ஆனால் நடுவின் அளவு சிறியது, அதிலிருந்து ஓரடி விலகினாலும் துள்ளல் நேராக எழாமல் சாய்கிறது, உயரமும் குறைகிறது. குட்டிக்கரணம் போடுபவர், உடலைத் திருப்பி இறங்குபவர் ஆகியோருக்கு வட்டப் பாய் ஒத்துவராதது இதனால்தான்.

செவ்வகத்தின் இயல்பு வேறு. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து போட்டியாக நடைபெற்றுவரும் டிராம்போலின் விளையாட்டுக்குரிய பாய் 4.28 மீட்டர் நீளமும் 2.14 மீட்டர் அகலமும் உடையது. அதன் சட்டம் ஏறத்தாழ 5.05 மீட்டருக்கு 2.91 மீட்டர், தரையிலிருந்து உயரம் 1.155 மீட்டர். நீளம் அகலத்தைப் போல் இரு மடங்கு என்பதைக் கவனிக்க வேண்டும். பாயின் நடுப்பட்டையில் நிற்பவருக்கு இரு நீளப் பக்கங்களும் எப்போதும் ஒரு மீட்டர் தொலைவிலேயே இருக்கின்றன. குறுக்கே விலகினால் பாய் அவரை வலுவாக உள்ளே திருப்புகிறது. நெடுக்கே விலகினாலோ, முனையை நெருங்கும்வரை, பாயின் தாழ்வு அதிகம் மாறுவதில்லை. எனவே வட்டத்தில் ஒரு புள்ளியாக இருந்த நல்லிடம் செவ்வகத்தில் ஒரு பட்டையாக நீள்கிறது. துள்ளல் நேராகவும் ஒரே சீராகவும் உயரமாகவும் கிடைக்கிறது. தேர்ந்த வீரர் இதில் எட்டு மீட்டர் அளவுக்கு எழும்புகிறார். ஆனால் நீளவாக்கில் திருத்தித் தரும் விசை குறைவு என்பதையே இதன் மறுபக்கமாகக் கொள்ள வேண்டும். தன் நிலையைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாதவர் ஒவ்வொரு துள்ளலிலும் சிறிது சிறிதாக நகர்ந்து முனைக்குப் போய்விடுவார். போட்டிப் பாயின் நடுவே சிலுவைக் குறி தீட்டியிருப்பதும், இரு முனைகளிலும் மெத்தையிட்ட மேடைகள் வைத்திருப்பதும், பக்கங்களில் உதவியாளர் நிற்பதும், 2017 முதல் நடுவை விட்டு நகர்ந்ததற்கு மதிப்பெண் குறைக்கப்படுவதும் இந்த ஒரே காரணத்தைச் சுற்றியவை. செவ்வகம் தரும் உயரத்தை இத்தனை காவலோடுதான் விளையாட்டு உலகம் ஏற்றுக்கொண்டது. காவலை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் எடுத்துக்கொள்வது முறையன்று.

செவ்வகச் சட்டத்தின் தாங்குதிறனுக்குச் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கத்துத் திராட்சைப் பந்தல் நல்ல விளக்கம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை படரும் அப்பந்தல்களில், தலைக்கு மேல் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். உள்ளே நிற்கும் தூண்கள் சுமையை மட்டும் தாங்க, நாற்புறத்து ஓரத் தூண்களோ அத்தனை கம்பிகளின் இழுப்பையும் தாங்க வேண்டியிருப்பதால், அவற்றை வெளிப்பக்கம் சாய்த்து நட்டு, இழுகம்பி போட்டு, மண்ணில் புதைத்த கல்லோடு கட்டுவார்கள். இழுகம்பி தளர்ந்தால் ஓரத் தூண் உள்ளே சாயும். பந்தல் நடுவில் தொய்யும். குதிபாய்ச் செவ்வகத்திலும் நீளப் பக்கத்துக் குழாய் வரிசையான ஸ்பிரிங்குகளால் உள்நோக்கி இழுக்கப்படுகிறது. இங்கே இழுகம்பியும் இல்லை, புதைத்த கல்லும் இல்லை. குழாயின் சொந்தப் பருமனே அந்த வளைப்பைத் தாங்க வேண்டும். போட்டிக் கருவியின் சட்டம் அத்தனை தடித்திருப்பது இதனால். உள்ளூர்ப் பட்டறையில் வட்டத்துக்கு வாங்கிய மெல்லிய குழாயையே வெட்டிப் பற்றவைத்துச் செவ்வகமாக்கினால், சில நாட்களிலேயே நீளப் பக்கம் வில்லைப் போல் உள்ளே வளைந்து, பாயின் இறுக்கம் நடுவில் தளர்ந்துவிடும். சட்டத்தின் ஒரு மூலையில் கண்ணை வைத்து மறுமூலைவரை நேராக நோக்கினால் அவ்வளைவு தெரிந்துவிடும். அளவுகோல் எதுவும் தேவையில்லை.

செவ்வகத்தின் நான்கு மூலைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இரு பக்கங்களும் சேருமிடத்தில் பாய் ஏறத்தாழத் தாழ்வதே இல்லை. மூலையில் விழும் கால் தரையில் விழுந்ததற்கு நெருங்கிய நிலையை அடைகிறது. சதுரத்திலும் இதே குறை உண்டு. வளைக்கும் இயந்திரம் இல்லாத பட்டறைகளுக்கு எளிதான எண்கோணம், நேர்க்குழாய்களைக் கொண்டு வட்டத்தைப் போலி செய்வது. துள்ளலில் வட்டத்தை ஒத்திருந்தாலும் எட்டு மூலைகளின் பற்றவைப்பு அதன் வலிமையை முடிவுசெய்கிறது. நீள்வட்டம் வட்டத்துக்கும் செவ்வகத்துக்கும் இடைப்பட்டது. வட்டத்தைவிட நீண்ட நல்லிடம் தருகிறது, மூலைகள் இல்லை, ஆனால் அதன் ஸ்பிரிங்குகள் சீராக இழுக்குமாறு அமைப்பது கடினம் என்பதால் மலிவில் நன்றாக அமைவதில்லை.

மேற்கூறியவை அனைத்தும் பாயின்மேல் ஒருவர் மட்டுமே இருக்கும்போது பொருந்துவன. இரண்டாமவர் ஏறியவுடன் வட்டத்தின் சிறப்பே அதன் குறையாகிவிடுகிறது. ஒவ்வொருவரையும் நடுவுக்குத் திருப்பும் பாய், இருவரையும் ஒரே நடுவுக்குத் திருப்பி, தலையும் தலையும் மோதச் செய்கிறது. அதனினும் கொடியது கண்ணுக்குத் தெரியாத மற்றொன்று. 75 கிலோ எடையுள்ள பெரியவர் ஒருவர் அரை மீட்டர் உயரம் எழும்பி இறங்கும்போது பாயில் சேரும் ஆற்றல் முழுவதும், அக்கணத்தில் பாயின்மேல் நிற்கும் 15 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் போய்ச் சேருமானால், அக்குழந்தையை இரண்டரை மீட்டர் எழுப்ப அது போதும். முழுவதும் போய்ச் சேர்வதில்லை. பாதி சேர்ந்தாலும் குழந்தை தன் உயரத்துக்கு மேல் எறியப்படுகிறது. எறியப்படாமல், கீழே இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாய் மேலே எழுந்து வந்தால் இன்னும் கேடு. எதிரெதிரே வரும் இரு வண்டிகளைப் போல வேகங்கள் கூடி, மோதல் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கால் எலும்பின் மேல்முனையில் இறங்குகிறது. சிறு குழந்தைகளுக்கு அவ்விடத்தில் ஏற்படும் முறிவை மருத்துவ நூல்கள் டிராம்போலின் முறிவு என்றே பெயரிட்டு அழைக்கின்றன.

அமெரிக்கக் குழந்தைமருத்துவக் கழகம் 1977இலேயே பள்ளிகளில் இக்கருவி வேண்டாம் என்று கூறியது. அக்கழகம் 2012இல் வெளியிட்ட அறிக்கையின்படி, காயங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, ஒரே நேரத்தில் பலர் குதிக்கும்போது நேர்ந்தவை. கூடக் குதிப்பவர்களில் எடை குறைந்தவர், எடை மிகுந்தவரைவிட 14 மடங்கு காயமடையும் வாய்ப்புடையவர். வலையும் ஓரமெத்தையும் காயங்களைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்ததாகத் தெரியவில்லை என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. வலை கட்டிய இடத்தில் பெரியவர்கள் கவனத்தைத் தளர்த்திவிடுகிறார்கள் என்பதை எந்தத் திருவிழாத் திடலிலும் காணலாம். அக்காளும் தம்பியும் சேர்ந்தே குதிக்கட்டும், ஒரே டிக்கெட்டில் முடியட்டும் என்று பாசத்தோடும் சிக்கனத்தோடும் பெற்றோர் செய்யும் ஏற்பாடுதான், வட்டம் செவ்வகம் என்ற எல்லா நுட்பங்களையும் பயனற்றதாக்குகிறது. ஒரு பாயில் ஒருவர் என்ற நடைமுறையைக் கைக்கொண்ட சாதாரண வட்டப் பாய், நால்வரை ஏற்றிய மிகச் சிறந்த செவ்வகப் பாயைவிடப் பலமடங்கு நல்லது.

அடிபட்ட குழந்தை அழுது ஓய்ந்து, காலை ஊன்ற மறுத்தால், வீக்கம் பெரிதாகத் தெரியாவிட்டாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். வளரும் எலும்பின் முனையில் வளர்தட்டு என்னும் மெல்லிய குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீளமாவது அங்கேதான். அதில் ஏற்பட்ட காயத்தைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தடவி நீவுவதும், பார்க்காமலே கட்டுப் போடுவதும் பிற்காலத்தில் ஒரு கால் குட்டையாவதற்கோ கோணலாவதற்கோ வழிவகுக்கலாம். வீரபாண்டித் திடலிலிருந்து தேனி நகரம் கையெட்டும் தூரம். அதைக் கடந்தால் க.விலக்கில் 2004இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. திருவிழா முடியட்டும் என்று காத்திருக்கக் காரணமில்லை.

பாயின் வடிவம் காகிதத்தில் வட்டமாக இருந்தாலும், அது வட்டமாக வேலை செய்வது எல்லா ஸ்பிரிங்குகளும் ஒத்த வலிமையோடு இருக்கும்வரைதான். புதிய ஸ்பிரிங் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, இடையே வெளிச்சம் புகாதபடி மூடியிருக்கும். பல திருவிழாக்களைக் கண்ட ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்தால், இழுப்பு நீங்கிய பின்னும் சுற்றுகளுக்கிடையே நகம் நுழையும் இடைவெளி நின்றுவிடுகிறது. அது இனி முழுமையாகச் சுருங்காது. அதன் கொக்கி, பாயின் விளிம்பில் தைத்த முக்கோண வளையத்தைப் பற்றும் இடத்தில் தேய்ந்து பளபளத்து, மற்ற இடங்களைவிட மெலிந்திருக்கும். அத்தகைய ஐந்தாறு ஸ்பிரிங்குகள் ஒரே பக்கத்தில் வரிசையாக அமைந்துவிட்டால், பாயின் நடு அப்பக்கத்திலிருந்து விலகி எதிர்ப்பக்கம் இழுபடுகிறது. வட்டப் பாய் தன் நடுவென்று குழந்தையைக் கொண்டு சேர்க்கும் இடம் உண்மையான நடுவாக இருப்பதில்லை. பறையின் தோல் ஒரு பக்கம் தளர்ந்தால் அடி சரியாக விழுந்தும் ஓசை சரியாக எழாததை ஒத்தது இது. புதிய ஸ்பிரிங்குகளை ஒரே பக்கத்தில் மாட்டாமல், எதிரெதிராகப் பிரித்து மாட்டுவது வேலை தெரிந்தவர் செய்யும் முறை.

ஸ்பிரிங்குகளுக்கு இடையிலான சந்து மற்றோர் ஆபத்து. அதன்மேல் விரித்த ஓரமெத்தை விலகியிருந்தால், நான்கு வயதுக் குழந்தையின் பாதம் அதனுள் முழங்கால்வரை இறங்கிவிடும். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்துப் பொறியாளர் கீத் அலெக்சாண்டர் இதைக் கருத்தில் கொண்டு, விளிம்பில் ஸ்பிரிங்கே இல்லாமல், பாய்க்கு அடியிலிருந்து சாய்வாக எழும் வளையும் கோல்களால் பாயைத் தாங்கும் அமைப்பை உருவாக்கினார். அதில் இரும்புச் சட்டம் குதிப்பவரின் காலுக்கு எட்டாமல் கீழே போய்விடுகிறது. விலை மிகுந்த அக்கருவி நம் திடல்களுக்கு வந்து சேரும்வரை, ஓரமெத்தையைச் சட்டத்தோடு இறுகக் கட்டும் கயிறுகளே இங்கே கிடைக்கும் பாதுகாப்பு.

கம்பம் பள்ளத்தாக்கில் தனியே கவனிக்கத்தக்க ஒரு காரணியும் இதில் உண்டு, அது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வீசுவதால்தான் ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பகுதிகளில் காற்றாலைகள் நிற்கின்றன. சித்திரையில் அக்காற்று தொடங்கியிராவிட்டாலும், கோடைமழைக்கு முன் சட்டென்று எழும் சூறைக்காற்று அப்பகுதி மக்கள் நன்கு அறிந்ததே. குதிபாயின் நெசவு காற்றை ஓரளவு கசியவிடும். சுற்றிலும் நிற்கும் வலையோ பாய்மரத்தைப் போல் காற்றை வாங்கிக்கொள்ளும். எடை குறைந்ததென்று வட்டச் சட்டத்தைப் பாராட்டியதன் மறுவிளைவு இங்கே தெரிகிறது: எளிதில் தூக்கிச் செல்லக்கூடியதைக் காற்றும் எளிதில் தூக்கிவிடும். காற்றடைத்த பலூன் கோட்டைகளில் இவ்வபாயம் பன்மடங்கு. 2021 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில், டெவன்போர்ட் நகரப் பள்ளியொன்றின் ஆண்டிறுதிக் கொண்டாட்டத்தில் அத்தகைய கோட்டை காற்றில் தூக்கப்பட்டு ஆறு குழந்தைகள் இறந்தனர். ஆற்றங்கரை மணலில் அடித்த முளை எளிதில் பிடுங்கிக்கொள்ளும். அங்கே நீண்ட முளைகளும், அவற்றோடு சட்டத்தின் கால்களில் கட்டிய மணல் மூட்டைகளும் வேண்டும். மேற்கே மலைமேல் மேகம் கறுத்தவுடன் குழந்தைகளை இறக்கி, வலையை அவிழ்த்துக் கீழே விட்டுவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் வீரபாண்டியைப் போன்ற திடலுக்குப் பொருத்திப் பார்த்தால், ஒரு பெரிய வட்டத்தில் பலரை ஏற்றுவதைவிட, எட்டு அல்லது பத்து அடி விட்டமுள்ள சிறிய வட்டங்கள் நான்கைத் தனித்தனியே நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒருவரை மட்டும் ஏற்றுவது தக்க முறையாகத் தோன்றுகிறது. இடம் குறுகியிருந்து செவ்வகச் சட்டத்தை நான்கு அறைகளாகப் பிரிப்பதாயின், அறைகளுக்கிடையே ஓடும் குழாய்களை முழுவதும் தடித்த மெத்தையால் மூட வேண்டும்; இல்லையேல் ஒவ்வோர் அறைக்கும் நான்கு மூலைகளாகப் பதினாறு மூலைகளும், நடுவே சிலுவையாக இரும்பும் அமைந்துவிடும். ஆறு வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதில்லை என்று பலகையில் எழுதுவதோடு, வாசலில் நிற்பவர் அதைச் சொல்லத் துணிவதும் வேண்டும். எடையில் பெரிதும் வேறுபட்ட இருவரை ஒரே பாயில் ஏற்றச் சொல்லி வற்புறுத்தும் பெற்றோருக்கு அவர் மறுப்புச் சொல்லும்போது, அக்கம்பக்கத்தில் நிற்பவர்கள் அவர் பக்கம் நிற்க வேண்டும்.

திருவிழாவின் இறுதி நாளுக்கு மறுநாள் சட்டங்கள் கழற்றப்பட்டு அடுத்த ஊருக்குப் புறப்படும். வட்டச் சட்டத்தின் குழாய்த் துண்டுகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும், சேர்ந்து நின்ற நாட்களில் ஒவ்வொன்றும் தன் இணையோடு தேய்ந்து பொருந்திக்கொண்டவை. இடம் மாற்றிச் செருகினால் இணைப்பில் ஆட்டம் கண்டு, அந்த ஆட்டம் ஒவ்வொரு துள்ளலிலும் கூடிக்கொண்டே போகும். கழற்றும்போதே ஒவ்வொரு குழாயின் முனையிலும், அது செருகியிருந்த குழாயின் வாயிலும் பெயின்ட்டால் ஒரே எண்ணை எழுதிவிட்டால், அடுத்த திடலில் இரவு வெளிச்சத்தில் அவசரமாக மாட்டுபவரும் பழைய வட்டத்தையே திரும்ப அமைத்துவிடுவார்.